ட்ரெயின் போல்ட்டில் ஒரு சென்சார்: மன்னார்குடிப் பக்கம் இரண்டு வருட ஓட்டம்

வண்டி பழைய ஹோண்டா யூனிகார்ன் 150 பைக். ஆயில் சூட்டைக் காட்டும் சென்சாரும் மீட்டரும் மாட்டி இரண்டு கத்திரி வெயில், இரண்டு ஐப்பசி அடைமழை ஆகிவிட்டது. மாட்டிய மாதமே எழுதியிருந்தால் எல்லாம் பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன்.

மாட்டத் தூண்டியது வெயில்தான். மே மாதம் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய்வந்தால் முழங்காலில் அனல் அடிக்கும். காற்றாலேயே குளிர்கிற இன்ஜின். ரேடியேட்டர் இல்லை, சூட்டைக் காட்டும் முள்ளும் இல்லை. உள்ளே ஆயில் என்ன பாடுபடுகிறது என்று தெரியாமலே ஓட்டுவது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஆயில் அளவு பார்க்கும் மூடியோடு கூடிய குச்சி, அதாவது ஆயில் ஸ்டிக், இருக்கும் இடத்தில் மாட்டுகிற வெப்பமானியும் உண்டு. ஆனால் அதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும், ஓடும்போது பயனில்லை. நான் எடுத்தது ட்ரெயின் போல்ட்டுக்கு, அதாவது பழைய ஆயிலை இறக்க இன்ஜினின் அடியில் கழற்றும் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் வகை. என் வண்டியில் அந்த மரை 12 மில்லிமீட்டர், பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.5 மில்லிமீட்டர். வாங்குவதற்கு முன் பழைய போல்ட்டைக் கழற்றி அளந்துகொள்ளுங்கள். மரையை மட்டும் பார்த்தால் போதாது. சென்சாரின் முனை உள்ளே எவ்வளவு நீளம் போகும் என்பதும் முக்கியம். முனை நீளமாக இருந்தால் உள்ளே எதிலாவது போய் இடிக்கும்.

மாட்டுவதற்கு முன் அடுப்படியில் ஒரு சோதனை செய்தேன். பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சென்சாரின் முனையை மட்டும் அதில் முக்கினேன். இது ஒற்றை வயர் சென்சார், அதன் உடம்பே எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அதனால் உடம்பில் ஒரு வயரைச் சுற்றி பேட்டரியின் நெகட்டிவில் கொடுத்தேன். மீட்டர் 98 காட்டியது. நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும், மலை ஊர்போல் கழிக்க வேண்டியதில்லை. இரண்டு டிகிரி வித்தியாசம் எனக்குப் போதுமானது.

மெக்கானிக் அண்ணன் ஆயிலை இறக்கிவிட்டு, பழக்கத்தில் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றப் போனார். "அண்ணே, டேப் வேண்டாம், எர்த் கிடைக்காது" என்றேன். "அப்ப வாஷரைப் புதுசா போட்டுருவோம் தம்பி, பழசு வேணாம்" என்றார். அதுதான் சரி. கசிவைத் தடுப்பது வாஷர்தான், டேப் இல்லை. அலுமினிய மரை என்பதால் கையால் முழுதும் திருகிவிட்டுக் கடைசியில் மட்டும் ஸ்பானர் போட வேண்டும். மீட்டருக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் கரண்டை, நடுவில் ஒரு சின்ன ஃபியூஸ் வைத்துக் கொடுத்தோம். ஒரு மணி நேர வேலை.

வெயில் விஷயத்தில் என் பயம் பாதிதான் சரி. மன்னார்குடியில் கிளம்பினால் வடுவூர் ஏரி வருவதற்குள் 90ஐத் தாண்டிவிடும். அப்புறம் 55, 60 வேகத்தில் போனால் தஞ்சாவூர் வரை 100ஐ ஒட்டியே நிற்கும், அசையாது. கத்திரியிலும் அப்படித்தான். ஏறியதெல்லாம் ஊர்ந்து போனபோது. அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவதிலும் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன், 118 வரை போனது. இன்ஜினைச் சுற்றியிருக்கும் துடுப்புத் தகடுகளில் காற்றுப் பட்டால்தானே சூடு இறங்கும்? அன்றிலிருந்து வரிசை நகரவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுகிறேன்.

நான் எதிர்பார்க்காதது மழைக்காலத்தில் கிடைத்தது. வீட்டிலிருந்து வயலுக்கு மூன்று கிலோமீட்டர். சம்பா நட்டபின் ஒரு நாளைக்கு நாலு தடவை போவேன். வயலில் இறங்கும்போது சைலன்சரைத் தொட முடியாது, ஆனால் மீட்டர் 45 காட்டும். அதிகபட்சம் 52. இன்ஜின் தலை சீக்கிரம் சூடாகிவிடும், அடியில் இருக்கும் ஆயில் நிதானமாகத்தான் சூடாகும் என்பது அப்போதுதான் உறைத்தது. கார்த்திகையில் ஒரு நாள் ஆயில் ஸ்டிக்கைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கம் கடைந்த மோர் நுரைபோல வெளிர் மஞ்சளாக ஒரு படலம், விரலில் வழித்தால் வழவழவென்று வந்தது. வண்டி வெள்ளத்தில் இறங்கவே இல்லை. பெட்ரோல் எரியும்போதே நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். 50 டிகிரியிலேயே தினமும் அணைத்தால் எங்கே போகும்?

இப்போது மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது, வேலை இல்லாவிட்டாலும், 90ஐத் தொட்டு இருபது நிமிடம் நிற்கும்படி திருத்துறைப்பூண்டி சாலையில் ஓட்டிவிட்டு வருகிறேன். படலம் திரும்ப வரவில்லை. அந்தப் பருவத்தில் ஆயிலையும் முன்கூட்டியே மாற்றிவிடுகிறேன். வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் வண்டி எடுப்பவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் வைத்திருப்பார்கள். சென்சார் மாட்டாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மூடியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

தொல்லைகளும் உண்டு. ட்ரெயின் போல்ட் வண்டியின் அடிவயிற்றில் இருப்பதால் சென்சார் கீழே துருத்திக்கொண்டிருக்கும். முதல் தை மாதம் சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் ஏறினேன். ஒரு கற்றை சென்சாரில் சுற்றி இழுத்து வயரை அறுத்துவிட்டது. மீட்டரில் எண் போய்க் கோடு மட்டும் நின்றது. இறங்கிப் பார்த்தால் இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பிலும் வைக்கோல், புகைய ஆரம்பித்திருந்தது. சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைக்கோலில் ஏறியவர்கள் உடனே நிறுத்திப் பிடுங்கிப் போட வேண்டும், தீப்பிடிக்கும்.

இரண்டாவது வருடம் வேறொன்று. கிளம்பி ஒரு கிலோமீட்டருக்குள் 150 என்று கத்தியது. பதறிப்போய் நிறுத்தினேன், ஆயில் அளவு சரியாகவே இருந்தது. வயரின் மேலுறை பெண்ட் பைப்பில் உருகி, செம்பு வெளியே தெரிந்தது. இந்த சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். அதனால் வயர் எர்த்தைத் தொட்டால் மீட்டர் அதைக் கடும் சூடு என்று எடுத்துக்கொள்ளும். எண் படிப்படியாக ஏறாமல் திடீரென்று தாவினால் முதலில் வயரைப் பாருங்கள். சூடு தாங்கும் ஸ்லீவ் போட்டு, பைப்புக்கு எதிர்ப்பக்கமாக ஃபிரேமை ஒட்டிக் கொண்டுபோய்க் கட்டினேன். அதன்பின் பிரச்சினை இல்லை.

மீட்டரின் கண்ணாடி மழைநாளில் உள்ளுக்குள் வியர்க்கிறது, வெயில் வந்தால் தானே காய்ந்துவிடுகிறது. உச்சி வெயிலில் எண் மங்கலாகத்தான் தெரியும். ஆயில் மாற்றும்போது வயரோடு சேர்த்துத் திருகினால் முறுக்கி அறுந்துவிடும், முதலில் கனெக்டரைப் பிடுங்கிவிட வேண்டும். அண்ணன் கடையில் புதுப் பையன் சேர்ந்திருப்பதால், கனெக்டர் பக்கத்தில் சிவப்பு டேப் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன்.