10.6 ஈவி பிஐடி மீட்டர்: சிப்காட் வேலைக்கு எவ்வளவு தாங்கும்?

கரைப்பான் டிரம் கிடங்கு, டேங்கர் இறக்குமிடம், பம்ப் சீல் என்று கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கசிவு தேடுகிறவர்களுக்குக் கைக்கு அடக்கமான பிஐடி மீட்டர் (புற ஊதா ஒளியால் ஆவியை அயனியாக்கி அளப்பது) நல்ல கருவிதான். சில நொடியில் எண் வந்துவிடும். "எல்லா விஓசியும் (எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மம்) காட்டும்" என்று விற்கிறவர் சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

உள்ளே இருப்பது கிரிப்டான் நிரப்பிய சின்ன புற ஊதா விளக்கு. அதன் ஃபோட்டானுக்கு அதிகபட்சம் 10.6 எலக்ட்ரான் வோல்ட் (ஈவி) ஆற்றல். அதற்குள் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் மூலக்கூறு அயனியாகும். அந்த நுண்ணிய மின்னோட்டம்தான் திரையில் பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்ற எண், ஆகிறது. எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஈவி: டொலுவீன் 8.83, பென்சீன் 9.24, அசிட்டோன் 9.70, மூன்றும் சிக்கும். மெத்தனால் 10.85, டைகுளோரோமீத்தேன் 11.32, குளோரோஃபார்ம் 11.37. இவை டிரம்மோடு கொட்டிக் கிடந்தாலும் மீட்டர் வாய் திறக்காது. மீத்தேனுக்கு 12.6 வேண்டும். அதனால் இதை நம்பி யாரையும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் இது சொல்லாது.

11.7 ஈவி ஆர்கான் விளக்கு போட்டால் குளோரோஃபார்மும் வரும். ஆனால் அதன் லித்தியம் ஃபுளோரைடு ஜன்னல் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். கடற்கரைக் காற்றுக்கு அது ஒத்துவராது. அந்தக் கரைப்பான்களுக்கு ஆவி பட்டால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயே மேல்.

எந்த வாயு என்றும் மீட்டர் சொல்லாது. வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால் அது தெரியும்: 21.22 ஈவி ஹீலியம் விளக்கில் பென்சீனின் வேகமான எலக்ட்ரான் 11.98 ஈவியோடு வரும், அசிட்டோனுடையது 11.52. அதற்கு வெற்றிட அறை வேண்டும். நம் கை மீட்டர் மின்னோட்டத்தை மொத்தமாகக் கூட்டுவதோடு சரி. அளவுத்திருத்தம் 100 பிபிஎம் ஐசோபியூட்டிலீன் வாயுவில் செய்வதால், கசிவது பென்சீன் என்று உறுதியாகத் தெரிந்தால் எண்ணைச் சுமார் 0.5 ஆல் பெருக்குங்கள். சரியான காரணி மாடலோடு வரும் அட்டவணையில் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தொல்லை. சென்சாரில் படிந்த தூசி ஈரமானால் மின்கசிவு ஏற்பட்டு, சுத்தமான காற்றிலும் எண் மெல்ல ஏறும். நுழைவாயை உள்ளங்கையால் குவித்து மூடிப் பாருங்கள். கையின் ஈரத்துக்கே ஏறினால், நீரற்ற மெத்தனாலில் பஞ்சுக்குச்சி நனைத்து விளக்கு ஜன்னலைத் துடைக்க வேண்டும். விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒளியை மறைத்துவிடும். சென்சாரையும் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வடிகட்டியை மாற்றி, மறுபடி அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

வாங்கும்போதே மாற்று விளக்கு, வடிகட்டி, அளவுத்திருத்த வாயு மூன்றுக்கும் விலை கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த வாயுவின் 34 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும்.