ரோட்டல் லொஸ் ஆன வேகன் ஆரும் கோண்டாவில் கராஜும்: 14 மாதம் ஓடிய பிறகு

கோப்பாயில் இருந்து கிளிநொச்சிப் பாடசாலைக்குப் படிப்பிக்கக் காரில் போய்வருகிறேன். என்னோடு மூன்று ஆசிரியைகள் வருவார்கள். 2024 பெப்ரவரியில் ஒரு மாலை, மிருசுவில் தாண்டி வரும்போது மாடு ஒன்று குறுக்கே ஏறியது. இடப்பக்கம் வெட்டினேன். மதகுக் கட்டில் மோதி நின்றேன். எயார்பாக் இரண்டும் வெடித்தன. எனக்குத் தோளில் கண்டல் காயம் மட்டும். அன்று என் பக்கத்துச் சீற்றில் வழக்கமாக வரும் ரீச்சர் லீவு. அந்தச் சீற்றுக்கு முன்னால் இருந்த பகுதிதான் நசுங்கியிருந்தது.

கார் 2016ஆம் ஆண்டுச் சுசுகி வேகன் ஆர், 658 சிசி. ஏஜென்டிடம் புதுப் பாகங்களோடு திருத்த 31 இலட்சம் என்று எஸ்ரிமேற் வந்தது. காப்புறுதிக் கம்பனி 'ரோட்டல் லொஸ்' என்றது, அதாவது திருத்தக் கட்டாது, முழு இழப்பு. அப்போதுதான் என் பிழை தெரிந்தது. 2021இல் கார் வாங்கியபோது காப்புறுதியில் காரின் பெறுமதியாகப் போட்ட 42 இலட்சத்தையே வருடா வருடம் மாற்றாமல் புதுப்பித்திருந்தேன். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதில் இருந்து விலை ஏறிக்கொண்டே போனது. அதே கார் வாங்க அப்போது 55 இலட்சம் வேண்டியிருந்தது. கம்பனி கட்டுவதோ எழுதிய தொகைக்கு உள்ளேதான். புதுப்பிக்கும்போது சந்தை விலையைக் கேட்டு அந்தத் தொகையைத் திருத்தச் சொல்லுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

இரண்டு வழி தந்தார்கள். 42 இலட்சத்தையும் வாங்கிக்கொண்டு காரையும் பதிவுப் புத்தகத்தையும் கொடுத்துவிடலாம். அல்லது உடைந்த காரின் பெறுமதியைக் கழித்துக்கொண்டு மிச்சக் காசோடு காரை நானே வைத்துக்கொள்ளலாம். கழிக்கும் தொகை முதலில் 19 இலட்சம் என்றார்கள். உடைந்த கார் வாங்குபவர்கள் கேட்ட விலைகளை எழுத்தில் காட்டுங்கள், இல்லாவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவேன் என்றேன். பத்து நாளில் அது 15 இலட்சம் ஆனது. முழுவதும் முடிய ஏழு வாரம். லீசிங் 2023இலேயே முடிந்திருந்ததால் 27 இலட்சம் நேராக என் கணக்குக்கு வந்தது. லீசிங் இருந்திருந்தால் முதலில் அவர்கள்தான் எடுத்திருப்பார்கள்.

காசுக் கணக்கு இதில் லேசான பகுதி. நான் இரவுகளில் யோசித்தது வேறு: திருத்திய பிறகு அந்த இடப்பக்கச் சீற்றில் அந்த ரீச்சரை இருத்தி ஏ9 வீதியில் ஓடுவேனா?

அந்தக் கேள்வியோடுதான் கோண்டாவிலில் இந்த கராஜுக்குப் போனேன். பெயர்ப்பலகை சிறிது, உள்ளே இடம் பெரிது. அதற்கு முன் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் இரண்டு இடத்தில் கேட்டிருந்தேன். காரைப் பார்க்காமலேயே விலை சொன்னார்கள். இந்த அண்ணை விலையே சொல்லவில்லை. பம்பரையும் பொனட்டையும் கழற்றிவிட்டு, அளக்கும் ரேப் எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு பக்க அளவையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி என் கையில் தந்தார்.

"ரீச்சர், சேசிஸ் கால் முன்னுக்குத்தான் மடிஞ்சிருக்கு. பிள்ளர் அசையேல்லை, கதவு தானாப் பூட்டுது பாருங்கோ. பிள்ளர் வளைஞ்சிருந்தா கம்பனிக்கே குடுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன்."

சேசிஸ் கால் என்பது எஞ்சினின் இரண்டு பக்கமும் முன்னுக்கு நீளும் இரும்புச் சட்டம்; பிள்ளர் என்பது கதவோரம் கூரையைத் தாங்கும் தூண். இந்த ஒரு பேச்சுக்காகவே இதை எழுதுகிறேன்.

முன்பக்கத்துக்குக் கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து ஜப்பான் நோஸ் கட் ஒன்று எடுப்பித்தார்: பொனட், லைற், ரேடியேற்றர் எல்லாம் ஒரே தொகுதியாக வந்தது. எயார்பாக் மட்டும் பழையது வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். எயார்பாக், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, முன் சீற் பெல்ற் இரண்டு, எல்லாமே புதிது. விபத்தில் ஒருமுறை இழுத்துப் பூட்டிய பெல்ற் அடுத்த முறை வேலை செய்யாது என்று கழற்றிக் காட்டினார். மொத்தச் செலவு 18.4 இலட்சம், அதில் கால்பங்குக்கு மேல் இதற்கே போனது. எயார்பாக் வைக்காமல் வெறும் மூடியை ஒட்டிவிட்டு டாஷ்போர்ட் லைற்றை ஏமாற்றும் வேலையும் நடக்கிறது. திருத்திய கார் வாங்கப் போனால் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எயார்பாக் லைற் எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். லைற் சரியாக வந்தாலும் ஸ்கானர் போட்டுப் பார்ப்பது நல்லது.

குறைகளும் உண்டு. ஆறு வாரம் என்று சொல்லிப் பதினொரு வாரம் எடுத்தார். அத்தனை நாளும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். பில்லை மூன்று தரம் கேட்டபிறகுதான் எழுதித் தந்தார். இடது முன்கதவின் பெயின்ற் மத்தியான வெயிலில் ஒரு சாயல் மங்கலாகத் தெரியும். 70க்கு மேல் போனால் அந்தக் கதவில் மெல்லிய காற்றுச் சத்தம். ரப்பர் மாற்றியும் முழுக்கப் போகவில்லை.

ஆனால் ஓட்டம்? ஆனையிறவு நேர்வீதியில் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பார்த்தேன், ஒரு பக்கமும் இழுக்கவில்லை. 28,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது, நான்கு ரயரும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கின்றன. பக்கத்துச் சீற்றுக்கு அடியில் இருக்கும் லிதியம் பற்றரியை ஏஜென்டிடம் ஸ்கான் செய்வித்தேன், பிழை ஒன்றும் இல்லை.

காப்புறுதி திரும்ப எடுப்பதுதான் சிரமம். பழைய கம்பனி, மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு மட்டுமான மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் தருவோம் என்றது. அது இருந்தால் புகைப் பரிசோதனைப் பத்திரத்தோடு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துவிடலாம். ஆனால் எனக்கு அது போதாது. வேறொரு கம்பனி வந்து பார்த்து, கராஜ் பில்லையும் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் வாங்கிக்கொண்டு, முழுக் காப்புறுதி தந்தது. அந்தப் பில்லுக்காகச் சண்டை பிடித்தது வீண்போகவில்லை.

போன மாதம் ஒருவர், விபத்துப்பட்ட கார் என்று தெரிந்தே 44 இலட்சத்துக்குக் கேட்டார். கம்பனி தந்த 27 இலட்சத்தில் திருத்தியதுபோகக் கையில் மிஞ்சிய 8.6 இலட்சத்தையும் சேர்த்தால், காரைக் கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய 42ஐவிட எனக்கு நல்லதுதான். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வரி பெரிதென்றாலும் விலை இனி எப்படியும் அசையலாம். அதனால் என் கணக்கை அப்படியே எடுக்காமல் அன்றைய விலையை வைத்துப் போடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் நான் இந்த வேலைக்கே போகமாட்டேன். வயருக்குள் போன ஈரத்தை ரேப்பால் அளக்க முடியாது.

வேலை முடிந்த முதல் திங்கட்கிழமை அந்த ரீச்சருக்கு அளவுத் தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு முன்கதவைத் திறந்து ஏறி இருந்தார், பெல்ற் போட்டார்.

அண்ணையிடம் போவதென்றால் சனிக்கிழமை காலையில் போங்கள், அப்போதுதான் பேச நேரம் இருக்கும். காப்புறுதிக் கம்பனிக்குக் கையெழுத்து வைக்க முன்னமே போங்கள்.