பால் வற்ற மல்லிகையா, மாத்திரையா?

மதுரைப் பக்கம் பச்சை உடம்புக்காரிக்குப் பால் நிறுத்த வேண்டிய நிலை வந்தால், வீட்டில் முதலில் எழும் யோசனை மல்லிகைதான். "நெருக்கிக் கட்டிய சரமாக வாங்கி மார்பில் வைத்துக் கட்டு, மூன்றே நாளில் வற்றிவிடும்" என்பார் அப்பத்தா. மருத்துவரோ சீட்டில் கேபர்கோலின் என்ற பால் நிறுத்தும் மாத்திரையை எழுதுவார். பக்கத்து வீட்டில் முட்டைக்கோஸ் இலை என்பார்கள், இன்னொருவர் துணியை இறுக்கிக் கட்டச் சொல்வார். குழந்தை தங்காமல் போன தாய்க்கும், இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க நினைக்கும் தாய்க்கும் ஒரே பட்டியலைத்தான் எல்லோரும் நீட்டுகிறார்கள். கோளாறே அங்கேதான் இருக்கிறது.

பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதும் மார்பில் பால் குழாய்கள் கிளைவிட்டு வளர்கின்றன. ஆனால் அந்த வளர்ச்சி பாதிதான். கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாம் கூடித்தான் சுரப்பிகளை முழுமையாக்குகின்றன. கர்ப்பத்தின் பாதியிலேயே சீம்பால் ஊறத் தொடங்கிவிடும். அது பெருகாமல் தடுத்து வைப்பது நஞ்சுக்கொடியின் புரொஜெஸ்டிரோன். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடை விலகி, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பால் இறங்குகிறது. குழந்தை வாய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இறங்கும். குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு மூன்றாம் நாள் மார்பு கனத்துச் சட்டை நனைவது இதனால்தான். அந்த நேரத்தில் அவளிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்வது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

வாரங்கள் கடந்த பிறகு கணக்கு மாறிவிடுகிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும். குழந்தை குடித்துக் காலியாகும் அளவைப் பொறுத்தே அடுத்த பால் ஊறுகிறது. தேங்கிய பாலே சுரப்பைக் குறைக்கும். ஆக, முதல் நாட்களில் பாலை நடத்துவது இரத்தத்தில் ஓடும் ஹார்மோன். பிறகு நடத்துவது பிள்ளையின் வாய். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த இரண்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மல்லிகையைச் சும்மா பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. நம் குண்டுமல்லியை, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அதே இனத்தை, மார்பில் சரமாக வைத்து, பால் நிறுத்தக் கொடுத்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 1988இல் வெளிவந்தது. இரண்டு தரப்பிலும் இரத்தத்தில் புரோலாக்டின் குறைந்தது. மாத்திரை தரப்பில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆனால் மார்பில் பால் கட்டிக்கொள்வதிலும், பால் வடிவதிலும், வலி மாத்திரை கேட்டதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரையை நிறுத்திய சிலருக்குப் பால் திரும்ப ஊறியது. மல்லிகைக்கு இது நல்ல மதிப்பெண்தான். இருந்தாலும் ஓர் இடறல்: எதுவும் செய்யாமல் விட்டாலும், குழந்தை குடிக்காத மார்பில் பால் ஓரிரு வாரத்தில் தானாகவே குறையும். அப்படிச் சும்மா விடப்பட்டவர்களோடு ஒப்பிடாமல், வற்றியது பூவாலா நாள் போனதாலா என்று பிரிக்க முடியாது.

மலிவு என்றும் அடித்துச் சொல்வதற்கில்லை. கோடையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை குவிந்து கிடக்கும். மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களில் போகும். மொட்டுப்புழுவுக்காகத் தோட்டத்தில் மருந்து அடிப்பதும் உண்டு. ஒரு பக்கம் பூவைக் கட்டிக்கொண்டு மறு பக்கம் குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். புரோலாக்டினுக்குக் கடிவாளம் மூளையில் சுரக்கும் டோபமைன். கேபர்கோலின், புரோமோகிரிப்டின் இரண்டும் டோபமைன் போலவே, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வேலை செய்து புரோலாக்டினை அடக்குகின்றன. புரோமோகிரிப்டினை நாள்தோறும் இரண்டு வேளை, இரண்டு வாரம் விழுங்க வேண்டும். பிரசவித்த பெண்கள் சிலருக்கு இரத்த அழுத்தம் எகிறியது, வலிப்பு, பக்கவாதம் வந்தது என்ற புகார்களால் 1990களின் நடுவில் அமெரிக்காவில் பால் நிறுத்தும் பயன்பாடே விலக்கப்பட்டது. இன்று அதை யாராவது எழுதிக் கொடுத்தால் காரணம் கேட்பேன். கேபர்கோலின் பிரசவமான முதல் நாளில் 1 மில்லிகிராம், ஒரே வேளை. பால் ஏற்கெனவே இறங்கிவிட்டால் கால் மில்லிகிராமாக இரண்டு நாளில் நான்கு வேளை. உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் பால் திரும்ப ஊறுவதும் குறைவு. தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கும், மனநோய் வந்தவர்களுக்கும், இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. கடையில் தானே கேட்டு வாங்கும் மாத்திரை இது அல்ல.

முதல் நாட்களில், மேற்சொன்ன தடை எதுவும் இல்லாத தாய்க்கு என் ஓட்டு கேபர்கோலினுக்குத்தான். கொதிப்பு உள்ளவளுக்கு மல்லிகையும், நன்றாகத் தாங்கும் உள்ளாடையும், குளிர் ஒத்தடமும், தேவைப்பட்டால் வலி மாத்திரையும்.

முட்டைக்கோஸ் இலை குளிர்ச்சி தரும். ஐஸ் பையும் அதையே தரும். இறுக்கிக் கட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வலியும் கசிவும்தான் கூடுகின்றன, பால் கட்டிக்கொள்ளவும் வழியாகிறது. ஒரு காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள்; இரத்தம் உறையும் ஆபத்து தெரிந்ததும் கைவிட்டார்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால் மாத்திரைக்கும் வேலை இல்லை, பூவுக்கும் வேலை இல்லை. வேப்பெண்ணெயோ கற்றாழைச் சாறோ தடவிப் பிள்ளையை மிரட்டி ஒரே நாளில் நிறுத்தினால், பிள்ளையும் அழும், தாய்க்கும் பால் கட்டிக்கொள்ளும். சில நாட்களுக்கு ஒரு வேளை வீதம், பகல் பாலை முதலில், இரவுப் பாலைக் கடைசியில் குறைத்தால் போதும். மார்பு கனத்தால் கனம் தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்ச வேண்டும். முழுக்கக் காலி செய்தால் மறுபடி ஊறும். ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றை வீட்டில் யாரும் சொல்வதில்லை. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போட்டு வைத்திருந்ததும் பால் கொடுப்பதும் புரோலாக்டினும்தான். அது இறங்கியதும் சினைப்பையின் வேலை திரும்பத் தொடங்கும். பாலே கொடுக்காத தாய்க்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே அது நடக்கலாம், மாதவிலக்கு வருவதற்கு முன்பே. கருத்தடை பற்றியும் அதே சந்திப்பில் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.