98,000 ரூபாய் போச்சு: ‘ஒர்க்ஸ்டேஷன் கார்டு’ன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க

98,000 ரூபாய். அம்மா மாசாமாசம் கட்டின ஏலச்சீட்டை எடுத்து என் கையில கொடுத்த பணம். இன்னிக்குக் காலையில நாலாவது தடவையா, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கின அந்தக் கடைப் படி ஏறி இறங்கிட்டு வந்து எழுதுறேன்.

நான் வியாசர்பாடி. பேட்டரிப் பொருள்கள் பத்தி பிஎச்டி பண்றேன். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோங்கற மென்பொருள்ல எலக்ட்ரான் கணக்கு ஓட்டணும். அதுக்கு டபுள் பிரிசிஷன், அதாவது ஒவ்வொரு எண்ணையும் 64 பிட்டுல வெச்சுத் துல்லியமாப் போடற கணக்கு, வேகமா வரணும். கேம் ஆடுற ஜிஃபோர்ஸ் கார்டுல அது 32 பிட் வேகத்துல 64-ல ஒரு பங்குதான். அது தெரிஞ்சுதான், கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தர்ற கடையில தெளிவாக் கேட்டேன்: “அண்ணே, டபுள் பிரிசிஷன் முழுசா வருமா?”

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டாரு. டீ சொன்னாரு. “தம்பி, கேம் கார்டு வேற, இது வேற. இது ஒர்க்ஸ்டேஷன் கார்டு, சயின்டிஸ்ட்டுங்க வாங்கறதே இதைத்தான். ஒத்து வரலைன்னா ஒரு வாரத்துல எடுத்துட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்.” அந்த ‘நான் பாத்துக்கறேன்’லதான் விழுந்தேன். பெட்டியை அவரே பிரிச்சு, ஒல்லியான அந்தக் கார்டை என் கையில வெச்சாரு. ஆர்டிஎக்ஸ் ஏ4000, 16 ஜிபி. 98,000-ஐ எண்ணிக் கொடுத்தேன்.

அன்னிக்கு ராத்திரியே சோதிச்சேன். 8192-க்கு 8192 எண் அணி (மேட்ரிக்ஸ்) ரெண்டைப் பெருக்க, 32 பிட்டுல ஒரு நொடியில பத்துல ஒரு பங்குகூட ஆகலை. அதே பெருக்கல் 64 பிட்டுல கிட்டத்தட்ட 4 நொடி! அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். ஏ4000-லயும் ஜிஃபோர்ஸ் 3070-லயும் இருக்கறது ஒரே வகை சிப்பு, ரெண்டுலயும் அதே 64-ல ஒரு பங்கு. நினைவகப் பிழையைத் திருத்துற இசிசி, 140 வாட்டுல ஓடறது, எல்லாம் நிஜம்தான். ஆனா நான் கேட்டது அது இல்லையே.

மறுநாள் போனா, “டிரைவர் பிரச்சினை, மாத்திப் பாரு.” ரெண்டாவது தடவை நல்ல மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னதால, பெட்டியை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மார்போட அணைச்சுக்கிட்டு சுத்துவழியில போனேன். “கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன்”னாரு. மூணாவது தடவை, “பெட்டி பிரிச்சாச்சே தம்பி, எப்படித் திருப்பி எடுக்கறது?” பிரிச்சது யாரு? அவர்தானே! இன்னிக்கு தம்பியும் போய் சார் ஆயிட்டேன். “சார், வியாபார நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க.” பில்லுல ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ன்னு சீல். பொருள் பேர் இருக்கற இடத்துல வெறும் ‘கிராஃபிக்ஸ் கார்டு – 1’. 98,000 ரூபாய்க்கு அவ்வளவுதான் எழுத்து.

என்ன வாங்கலாம்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடலை. இதை மட்டும் பாருங்க. மாடல் பேரைப் போட்டு 64 பிட் வேகம் எவ்வளவுன்னு கடைக்குப் போகறதுக்கு முன்னாடியே தேடுங்க. 2017-ல வந்த டைட்டன் வி, 2018-ல வந்த குவாட்ரோ ஜிவி100 மாதிரி சிலதுலதான் அது 32 பிட் வேகத்துல பாதி. குரோமாக்ஸ் மாதிரி மென்பொருள்ல மூலக்கூறு அசைவுக் கணக்குன்னா சாதா ஜிஃபோர்ஸே போதும், கூடக் கொடுக்காதீங்க. ஃபேன் இல்லாத சர்வர் கார்டை வீட்டு கம்ப்யூட்டர் கேபினெட்ல போடாதீங்க, சூடாயிடும். வாயால சொன்னதை பில்லுல எழுதி வாங்குங்க.

பில்லை ரெண்டு நகல் எடுத்து வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில 1915, நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்றேன்.