வடவள்ளி ஓட்டு வீட்டில் சிறு தட்டுச் சாப்பாடு

கோவை வடவள்ளியில், மருதமலைச் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், பழைய ஓட்டு வீட்டை உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘சந்தகைக்காரர் வீடு’ என்று கைகாட்டுகிறார்கள். உள்ளே ஐந்து மேசைகள். நெருங்கி உட்கார்ந்தால் 18 பேருக்கு இடமிருக்கும். கணவர் சமைக்கிறார், மனைவி பரிமாறுகிறார், உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். முழுச் சாப்பாடு என்று எதுவும் இல்லை. எல்லாமே நாலைந்து வாய்க்கு வரும் அளவில் சிறு சிறு தட்டுகளாக வருகின்றன. தை மாதத்து வெள்ளிக்கிழமை இரவில், மனைவியோடும் பெருந்துறையிலிருந்து வந்திருந்த அத்தையோடும் போயிருந்தேன்.

சிறு தட்டுகள் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு மனக்குறை உண்டு. சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் இரண்டு பன்னீர்த் துண்டுகளின் மேல் நான்கு பூவிதழ்களை வைத்துக்கொடுத்து 400 ரூபாய் வாங்கினார்கள். வீடு திரும்பியதும் தயிர்ச்சோறு பிசைந்து சாப்பிட வேண்டியதாயிற்று. இலை நிறையப் பரிமாறிப் பழகிய ஊரில் அளவைக் குறைப்பவர், குறைத்ததற்கு ஈடாக ருசியிலோ பக்குவத்திலோ எதையாவது கூட்டித் தர வேண்டும் என்பது என் எண்ணம். இந்த வீட்டில் பெரும்பாலான தட்டுகளில் அந்தக் கூடுதல் இருந்தது.

முதலில் வந்த கொள்ளிலேயே அது தெரிந்தது. கொங்கு வீடுகளில் கொள்ளு வெந்த நீரை வடித்து ரசம் வைப்பதும், வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, வரமிளகாயோடு சேர்த்துக் கடைவதும் அடுத்தடுத்து நடக்கும் வேலைகள். ஆனால் சோற்றில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத்தான் வரும். இங்கே இரண்டும் ஒரே தட்டில் வருகின்றன. உள்ளங்கையில் பாதியளவு கம்பு அடை, அதன் மேல் கெட்டியான கடைசல், அதற்கும் மேல் சுண்டைக்காயளவு ஊத்துக்குளி வெண்ணெய், பக்கத்தில் ஈயம் பூசிய சிறு பித்தளை டம்ளரில் அதே கொள்ளின் ரசம். வெண்ணெய் உருகி அடையின் ஓரத்தில் வழியும்போது ஒரு கடி கடித்து, ரசத்தில் ஒரு மிடறு குடித்தால், கொள்ளின் மண்வாசம் வாயிலும் மிளகின் காரம் தொண்டையிலுமாக நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பும் ராகியும் பல கடைகளின் பட்டியலில் ஏறிவிட்டன. மைதாவில் ஒரு பிடி கம்பு மாவைக் கலந்துவிட்டு அதற்குக் கம்பின் பெயரைச் சூட்டுவதையும் பார்க்கிறோம். இந்த அடை கையில் எடுத்தவுடன் ஓரம் உதிர்ந்தது. கம்பில் பசைத்தன்மை கிடையாது. கலப்பில்லாத கம்பு அடை அப்படித்தான் உதிரும்.

அடுத்து வந்தது, அந்த வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த சந்தகை. இடியாப்பம் பிழிந்த பிறகு வேகும். சந்தகையோ வெந்த பிறகு பிழியப்படும். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி போல அவித்து, ஆவி அடங்குவதற்குள் அச்சில் இட்டு அழுத்த வேண்டும். சற்று ஆறினாலும் மாவு இறுகி, இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினாலும் இறங்காது. அதனால்தான் கடைகளில் நல்ல சந்தகை கிடைப்பது அரிது. இங்கே முற்றத்தின் ஓரத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், சந்தகை மரம் எனப்படும் மர அச்சு நிற்கிறது. நாம் கேட்ட பிறகுதான் மாவை அவிக்கிறார்கள். பையன் கட்டையை அழுத்த, சமைப்பவர் கீழே வாழையிலைத் துண்டை ஏந்தி, இறங்கும் இழைகளை எலுமிச்சம்பழ அளவுச் சுருள்களாக வாங்கிக்கொள்கிறார். தட்டுக்கு மூன்று சுருள்கள்: ஒன்றில் புளிக்காய்ச்சல், ஒன்றில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும், மூன்றாவதில் பொள்ளாச்சித் தேங்காய்ப் பாலோடு வறுத்த எள்ளும் நாட்டுச் சர்க்கரையும். மூன்றாவது சுருளை வாயில் வைத்த அத்தை கண்ணை மூடிக்கொண்டார்; அவருடைய அம்மாயி தீபாவளிக்குப் பிழிந்து தருவது இதே சூட்டோடு இருக்கும் என்றார். இன்னொரு தட்டும் சொன்னோம்.

பள்ளிபாளையம் சிக்கனில்தான் எனக்கு வருத்தம். ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் அக்கரையில் இருக்கும் அந்த ஊரின் பெயரால் வழங்கும் இந்தப் பண்டத்துக்கு மசாலாப் பொடி எதுவும் வேண்டியதில்லை. விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் ஆகியவற்றோடு கோழி தன் சாற்றிலேயே வெந்து சுருள வேண்டும். இங்கே அழகுக்காக எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறியை எடுத்து, ராகித் தட்டை ஒன்றின் மேல் அடுக்கியிருந்தார்கள். கறி வறண்டிருந்தது. சாறு இல்லாததால் மிளகாய் தனியாகவும் தேங்காய் தனியாகவும் நின்றன. எலும்போடு சிறு துண்டுகளாக, கிண்ணத்தில் தந்தாலே போதும்.

சிப்பிக் காளான் வறுவல் நன்றாக இருந்தது. தள்ளுவண்டிக் காளானின் காரத்தை நினைவூட்டும்படி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவியிருந்தார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளின் அறுவடைக் காலம் என்பதால், ஊறவைத்த பச்சை மஞ்சளை மெல்லிய வில்லைகளாகச் சீவிக் கெட்டித் தயிரோடு தந்தார்கள். அந்தக் கசப்பு எல்லோருக்கும் பிடித்துவிடாது, எனக்குப் பிடித்தது.

அரிசிம்பருப்புச் சோறு வந்தபோது மேசையில் ஒரு கணம் பேச்சு நின்றது. சிறு தேங்காய்த் தொட்டியில் நான்கு கரண்டி, மேலே நெய், ஓரத்தில் மொறுமொறுப்பான காந்தல். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பருப்பு குழையாமல், சீரகமும் பூண்டும் மணக்க, வீட்டுப் பக்குவத்தில் இருந்தது. ஆனால் மழை நாளில் ஒரு சட்டி வைத்து, வீடே சுற்றி உட்கார்ந்து வழித்துச் சாப்பிடும் சோறு அது. அத்தை தொட்டியின் அடியைச் சுரண்டுவதைப் பரிமாறும் பெண் பார்த்துவிட்டார். “இன்னும் ரெண்டு கரண்டி போடட்டுங்களா, அம்மா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்தார். பட்டியலில் அதற்கு விலையில்லை, ரசீதிலும் வரவில்லை. இந்த ஒரு தட்டின் அளவை மட்டும் அவர்கள் நிரந்தரமாகவே கூட்டிவிடலாம். கேட்டுப் பெறக் கூச்சப்படுபவர்களும் அங்கே வருவார்கள்.

கடைசியில் ஒப்புட்டு. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைப் பூரணம், காகிதம் போன்ற மேல்தோல், திகட்டாத இனிப்பு.

எட்டுத் தட்டுகளுக்கு வரியோடு 1,449 ரூபாய் ஆயிற்று. மூவருக்கும் வயிறு நிறைந்தது. ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைக் கொண்டுவருகிறார்கள் என்பதால் எதுவும் ஆறிப்போகவில்லை, ஆனால் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஓட்டுக் கூரையின் கீழ் பேச்சொலி எதிரொலிக்கிறது. வாசலில் மூன்று உயரமான படிகள் இருப்பதால், முழங்கால் வலி உள்ள அத்தைக்கு ஏறக் கைகொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கைப்பிடி ஒன்று வைக்க வேண்டும். சந்தகை வேண்டுமென்றால் ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். எட்டரைக்கு வந்த பக்கத்து மேசைக்காரர்களுக்கு மாவு தீர்ந்துவிட்டது.