கால் ரத்தக்குழாய் அடைப்பு: ஓசோன் ஏற்றுவதா, நடப்பதா?

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், திரும்ப நடந்தால் திரும்பப் பிடிக்கும். காலுக்குப் போகும் தமனி கொழுப்பு படிந்து குறுகியதன் வழக்கமான அடையாளம் இது.

இதற்கு ஓசோன் சிகிச்சை என்று ஒன்று உண்டு. 100, 200 மில்லி ரத்தத்தை வெளியே எடுத்து, ஓசோன் கலந்த ஆக்சிஜனைச் சேர்த்து, மறுபடி உடம்பிலேயே ஏற்றுவார்கள். அந்தச் சின்னச் சீண்டலில் உடம்பின் தற்காப்பு விழித்துக்கொள்ளும், குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரக்கும், குழாய் தளரும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் நகர்வது வேறு, நோயாளி கூடுதலாக ஒரு தெரு நடப்பது வேறு. இரண்டாவதைக் காட்டும் பெரிய, தரமான ஆய்வு கிடையாது. பக்கத்து விஷயமான சர்க்கரைக் கால்புண்ணுக்கு 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஓசோனை அலசியபோதும் சிக்கியவை 3 ஆய்வுகள், 212 பேர், முடிவு சொல்லப் போதவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதியோ ஓசோனை மருத்துவப் பயன் எதுவும் அறியப்படாத நச்சுவாயு என்றே எழுதி வைத்திருக்கிறது.

சரி, நடை? வேகமாக ஓடும் ரத்தம் உட்சுவரை உரசும்போது சுரப்பதும் அதே நைட்ரிக் ஆக்சைடுதான், ஊசி இல்லாமல். ஆனால் காலாற உலாவுவது கணக்கில் வராது. வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம், முடிந்தால் ஒருவர் மேற்பார்வையில். இடுப்புப் பகுதித் தமனி அடைபட்ட 111 பேரை வைத்து நடந்த கிளெவர் ஆய்வில், 6 மாதத்தில் டிரெட்மில்லில் தாக்குப்பிடிக்கும் நேரம் பயிற்சிக் குழுவுக்கு 5.8 நிமிடமும் ஸ்டென்ட் (குறுகிய தமனியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்த குழுவுக்கு 3.7 நிமிடமும் கூடியது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது ஸ்டென்ட்காரர்கள்தான் அதிகத் திருப்தி சொன்னார்கள், அதையும் மறைக்கக் கூடாது.

சிலோஸ்டசால் மாத்திரை நடக்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் தலைவலி, படபடப்பு வரலாம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. பீடி, சிகரெட்டை விடாமல் இதில் எதைச் செய்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர்தான்.

என் ஓட்டு நடைக்கு. ஒரே விலக்கு: படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கிறது, புண் ஆறவில்லை, விரல் கறுக்கிறது என்றால் நடையும் வேண்டாம், ஓசோனும் வேண்டாம், அன்றைக்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் போய்விடுங்கள்.