பார்த்தகாஸ் டி4: ஒரு பாக்ஸ், ரெண்டரை வருஷம், சென்னை ஈரம்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் துபாய்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி கடைல சிகார் ஷெல்ஃப போட்டோ எடுத்து அனுப்பி "டேய் நீ பிடிக்கறது இதானே, ஒரு பாக்ஸ் எடுத்துக்கவா"ன்னு கேட்டான். வாய்ஸ் நோட்ல பதில் சொல்ல ஆரம்பிச்சேன், முடியல, அதான் எழுதிட்டேன்.

பார்த்தகாஸ்ங்கற கியூபா பிராண்டோட சீரி டி நம்பர் 4 சிகார். ரொபஸ்டோ, அதாவது குட்டையா தடிமனா இருக்கற சைஸ், நீளம் 124 மில்லிமீட்டர், தடிமன் 50 ரிங் (ஒரு ரிங்னா அங்குலத்துல 64ல ஒரு பங்கு), முழுக்க கியூபா இலை, நல்ல ஸ்ட்ராங். இதெல்லாம் பிடிக்கறவங்களுக்கு தெரியும். நான் வாங்கினப்போ கஸ்டம்ஸ்ல ஒரு ஆளுக்கு 25 சிகார் வரைக்கும் விடுவாங்க, பாக்ஸ்லயும் சரியா 25. இதுவரைக்கும் 19 பிடிச்சாச்சு, ரெண்டு வண்டு அரிச்சு போச்சு, மீதி நாலு இருக்கு.

என் பிரச்சினை ஒன்னே ஒன்னுதான், அணையறது. மொட்டை மாடில சேர் போட்டு உக்காந்து, தீயை தள்ளி புடிச்சு நுனிய பொறுமையா சூடு காட்டி, சுத்தியும் சமமா பத்த வெச்சு, நிமிஷத்துக்கு ஒரு இழுப்புன்னு நிதானமா போனாலும் இருபதாவது நிமிஷம் அணைஞ்சிடும், நவம்பர் டிசம்பர்னா கேக்கவே வேண்டாம், உள்ள எரிஞ்சு குழி விழும், வெளி இலை காத்துல இருக்கற ஈரத்த குடிச்சிட்டு எரியாம ஓடு மாதிரி நிக்கும். திரும்ப பத்த வெச்சா முதல் ரெண்டு மூனு இழுப்புல பழைய சாம்பல் நாத்தம். அணைஞ்சதும் உள்ள இருக்கற புகைய ஒரு தடவை வெளிய ஊதிட்டு பத்த வெச்சா கொஞ்சம் குறையும், ஆனா போன ருசி போனதுதான்.

ஸ்ட்ராங் சிகார்ல இது ஏன் அதிகம்னா லிகேரோ இலை. செடியோட மேல் பக்கம் வெயில் வாங்கி வளர்ற இலை, தடிமன், எண்ணெய், நிகோட்டின் எல்லாம் அதுலதான் ஜாஸ்தி, எரியறது ரொம்ப மெதுவா. அதனாலதான் அத நடுவுல வெச்சு, சீக்கிரம் எரியற வொலாடோ இலையையும் சேத்து உருட்டறாங்க. அந்த நடு இலைல ஈரம் ஏறிட்டா அவ்ளோதான்.

முதல் வருஷம் மரப்பெட்டில, உள்ள ஈரப்பதத்த 69 சதவீதத்துலயே நிறுத்தற பாக்கெட் போட்டு வெச்சிருந்தேன், அது தப்பு, இந்த ஊர்ல பெட்டிக்கு வெளியதான் ஈரம் அதிகம், அது உள்ள வருது. அந்த மே மாசம் நாலு நாள் ஊருக்கு போயிட்டு வந்து பாத்தா ரெண்டு சிகார்ல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. புகையிலை வண்டு, முட்டை இலையிலயே இருக்கும், 24 டிகிரிக்கு மேல சூடு போனா பொரிய ஆரம்பிக்கும். மிச்சத்த மூனு நாள் ஃப்ரீசர், ஒரு நாள் ஃப்ரிட்ஜ், அப்புறம் வெளியன்னு மாத்தி காப்பாத்தினேன். அன்னிக்கு வந்த கோவம் இன்னும் போகல. இப்போ காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, 62 சதவீத பாக்கெட், பிடிக்கறதுக்கு முந்தின நாள் ஏசி ரூம்ல பாக்கெட் இல்லாத டப்பால எடுத்து வெச்சிடறேன். முன்ன நாலு தடவை அணைஞ்சது இப்போ ஒன்னு ரெண்டு தடவை. எங்க தாத்தா உறையூர் சுருட்டு பிடிப்பாரு, வேட்டி மடிப்புல சொருகி வெச்சிருப்பாரு, ஒரு நாளும் அணைஞ்சு நான் பாத்ததில்ல. அது காஞ்ச சுருட்டு, இது வேற பொருள்னு தெரியுது, ஆனா அந்த நிம்மதிய நினைச்சா ஏக்கமாத்தான் இருக்கு.

சரி, ருசி. முதல் பத்து நிமிஷம் மிளகு, நாக்கு நுனிய விட தொண்டை பக்கம்தான் தெரியும், கொஞ்சம் முரடு. நடுப்பகுதிக்கு வந்ததும் எல்லாம் மாறிடும், வறுத்த காப்பிக்கொட்டை, புது செருப்புக்கடைக்குள்ள நுழைஞ்சா வர்ற தோல் வாசம், அடில கருப்பட்டி மாதிரி ஒரு கருத்த இனிப்பு. புகைய உள்ள இழுக்காம வாய்லயே வெச்சிருந்து கொஞ்சமா மூக்கு வழியா விட்டா முதல் மழை விழுந்த மண்ணு வாசம் வருது பாருங்க, அது வேற எந்த சிகார்லயும் எனக்கு இவ்ளோ தெளிவா வந்ததில்ல. அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் ரெண்டரை வருஷமா இந்த டப்பா, பாக்கெட், ஃப்ரீசர்னு மல்லுக்கட்டறேன். கடைசி பகுதில திரும்ப காரம் ஏறும், அவசரப்பட்டு இழுத்தா கசந்திடும், விரல் சுடறதுக்கு முன்னாடியே வெச்சிடுங்க.

இன்னொன்னு, வெறும் வயித்துல தொடவே கூடாது. சிகார் புகைய நுரையீரலுக்கு இழுக்கலைன்னாலும் வாய் வழியாவே நிகோட்டின் ஏறிடும், மூனாவது சிகார்ல எனக்கு வேர்த்து கொட்டி தலை சுத்தி மாடிப்படில உக்காந்துட்டேன், வெல்லம் போட்டு தண்ணி குடிச்சப்புறம்தான் எழுந்தேன். வாய் புத்துநோய் பயமும் நிஜம், அதனாலதான் மாசம் ஒன்னுக்கு மேல நான் போறதில்ல. புதுசா ஆரம்பிக்கறவங்க இது பக்கமே வராதீங்க.

2022ல கியூபா சிகார் விலை உலகம் முழுக்க எகிறினதும் தெரிஞ்சதுதான். இப்போ இருக்கற விலைக்கு, நேத்து ராத்திரி மழைல மூனு தடவை அணைஞ்ச கடுப்போட சொல்றேன், வாங்காதடா. அவ்ளோ காசு குடுத்துட்டு லைட்டரும் கையுமா உக்காந்திருக்க முடியாது. நீ ஊருக்கு வந்ததும் என்கிட்ட இருக்கற நாலுல ஒன்னு உனக்கு, பிப்ரவரில பிடிக்கலாம், காத்து கொஞ்சம் காஞ்சிருக்கும். மூனு எனக்கு வேணும்.